சரக்குந்து ஓட்டுநர்களின் முதுகுவலி

சரக்குந்து ஓட்டுநர்களின் முதுகுவலி என்பது, லாரி எனப் பரவலாக அழைக்கப்படும் சரக்குந்துகளை நாள்தோறும் நெடுநேரம் ஓட்டுவோருக்கு ஏற்படும் தொழில்சார் வலி ஆகும். இது பெரும்பாலும் கீழ்முதுகில், அதாவது கடைசி விலா எலும்புக்கும் பிட்டத்தின் மடிப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் தோன்றுகிறது. சிலருக்கு இவ்வலி பிட்டம், தொடை, கணுக்கால் வரை பரவும். வண்டியின் அதிர்வு, அசைவின்றி அமர்ந்திருத்தல், சுமை தூக்குதல், ஓய்வின்மை ஆகிய நான்கும் ஒன்றுசேர்வதே இதன் முதன்மைக் காரணம் எனலாம்.

உலக அளவில் மக்களின் இயங்குதிறனைக் குறைக்கும் நோய்நிலைகளுள் கீழ்முதுகு வலி முதலிடத்தில் உள்ளது. 2020 ஆம் ஆண்டில் 61.9 கோடிப் பேர் இவ்வலியுடன் வாழ்ந்தனர் என்றும், 2050 இல் இத்தொகை 84.3 கோடியாக உயரக்கூடும் என்றும் உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டுள்ளது. பலருக்கு இது சில வாரங்களில் தணிந்துவிடும் தொல்லை. ஆனால் நடைக் கணக்கில் ஊதியம் பெறும் ஓட்டுநருக்கு வலியால் தவறும் ஒவ்வொரு நடையும் வருமான இழப்பாகும். எனவே வலியை மறைத்துக்கொண்டும், வலி மாத்திரை விழுங்கிக்கொண்டும் வண்டி ஓட்டும் நிலை உருவாகிறது. மலைப்பாதைகளில் இது சாலைப் பாதுகாப்பு தொடர்பான சிக்கலும் ஆகும்.

இக்கட்டுரை வலியின் காரணங்களையும், தடுப்பு முறைகளையும், வலி வந்தபின் செய்யத்தக்கவற்றையும் நீலகிரி மலைப்பாதைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

உடற்கூறு

முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஐந்து இடுப்பு முள்ளெலும்புகள் உள்ளன. ஒவ்வோர் இரு முள்ளெலும்புகளுக்கும் நடுவே இடைவட்டு எனப்படும் மெத்தை போன்ற அமைப்பு உள்ளது. இதன் நடுவில் நீர்ச்சத்து மிகுந்த கூழ்மையமும், அதைச் சுற்றி வலிய நார் வளையமும் காணப்படும். பேச்சு வழக்கில் இதனை டிஸ்க் என்றும், ஜவ்வு என்றும் குறிப்பிடுவர்.

வளர்ந்த மனிதரின் இடைவட்டுக்குள் இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் இல்லை. அதற்குத் தேவையான ஊட்டம் அருகிலுள்ள எலும்பிலிருந்து பரவல் முறையில் வந்து சேர்கிறது. உடல் அசையும்போதும் படுக்கும்போதும் வட்டின் மீதுள்ள அழுத்தம் மாறுவதால் நீர் உள்ளே செல்வதும் வெளியேறுவதும் நிகழ்கின்றன. ஒரே நிலையில் பல மணி நேரம் அமர்ந்திருந்தால் இந்தப் பரிமாற்றம் குறைகிறது. முதுகுத் தசைகளும் தொடர்ந்து இறுக்கத்திலேயே இருந்து களைப்படைகின்றன.

கீழ்முதுகு வலியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, குறிப்பிட்ட ஓர் எலும்பையோ வட்டையோ காரணமாகச் சுட்ட முடியாத வலியே ஆகும். இடைவட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதால் முழங்காலுக்குக் கீழ் வரை பரவும் சியாட்டிகா வலி சிறுபான்மையினருக்கே ஏற்படுகிறது.

காரணிகள்

முழு உடல் அதிர்வு

சாலையின் மேடுபள்ளங்கள் சக்கரம், வில் தகடுகள், அடிச்சட்டம், இருக்கை ஆகியவற்றின் வழியே ஓட்டுநரின் உடலை அடைகின்றன. இது முழு உடல் அதிர்வு எனப்படும். இதனை அளக்கும் முறையை 1997 ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 2631-1 என்னும் பன்னாட்டுச் சீர்தரம் வரையறுக்கிறது.

அமர்ந்த நிலையில் உள்ள மனித உடல், செங்குத்துத் திசையில் ஏறத்தாழ 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் ஒத்ததிர்வு அடைகிறது. அதாவது நொடிக்கு 4 முதல் 8 முறை நிகழும் குலுக்கலை உடல் தணிப்பதற்கு மாறாகப் பெருக்குகிறது. சரக்குந்தின் குலுக்கல் இந்த எல்லையை ஒட்டியே அமைவதுதான் சிக்கலாகும்.

தடித்த பஞ்சு மெத்தையைப் போட்டால் குலுக்கல் குறையும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் பஞ்சு இருக்கையில் மனிதர் அமரும்போது அதன் இயல்பதிர்வெண் 4 ஹெர்ட்ஸை ஒட்டி அமைகிறது. எனவே அது அந்த அதிர்வைக் கூட்டவும் கூடும். காற்று அல்லது வில்லால் தாங்கப்படும் தொங்கல் இருக்கையின் இயல்பதிர்வெண் ஏறத்தாழ 2 ஹெர்ட்ஸ் அல்லது அதனினும் குறைவு. எந்த ஒரு தாங்கியும் தன் இயல்பதிர்வெண்ணைப் போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளையே தணிக்கும் என்பது இயந்திரவியல் விதி. இதனால் தொங்கல் இருக்கை 4 ஹெர்ட்ஸ் குலுக்கலைத் தணிக்கிறது.

சுமையற்ற வண்டி சுமையேற்றிய வண்டியை விடக் கூடுதலாகக் குலுங்கும். வில் தகடுகளின் விறைப்பு முழுச் சுமையைக் கணக்கிட்டு அமைக்கப்படுவதே இதற்குக் காரணம். எனவே காலி வண்டியுடன் வேகமாகத் திரும்பும் பயணம் முதுகிற்கு எளிதானது அன்று.

நெடுநேரம் அமர்தல்

அமரும்போது இடுப்பு பின்னோக்கிச் சாய்ந்து, கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகிறது. சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ப் நாக்கெம்சன் 1960களில் இடைவட்டின் உள்ளழுத்தத்தை நேரடியாக அளந்தார். பின்னர் வெளியான அவரது ஒப்பீட்டில், நிற்கும்போது உள்ள அழுத்தம் 100 எனக் கொண்டால், சாய்மானமின்றி அமரும்போது அது ஏறத்தாழ 140 ஆகவும், மல்லாந்து படுக்கும்போது 25 ஆகவும் இருந்தது. 1999 இல் செருமனியில் நடந்த அளவீட்டில் சாய்ந்து தளர்வாக அமரும்போது அழுத்தம் அவ்வளவு உயரவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அமர்தலை விட, சாய்மானமின்றியும் அசைவின்றியும் அமர்தலே முதுகிற்குச் சுமையாகிறது என்பது விளங்கும்.

சுமையும் குதித்தலும்

தார்ப்பாய் விரித்துக் கயிறு இழுத்துக் கட்டுதல், சக்கரம் மாற்றுதல், சில வேளைகளில் மூட்டை இறக்குதல் ஆகியனவும் ஓட்டுநரின் பணிகளாகின்றன. கிளீனர் எனப்படும் உதவியாளர் இல்லாத பயணங்களில் இவை முழுவதும் ஓட்டுநர் மீதே விழுகின்றன. பல மணி நேர அதிர்வுக்குப் பின் தசைகள் களைத்திருக்கும் நிலையில் உடனே குனிந்து தூக்குவது முதுகிற்குக் கூடுதல் கேடு விளைவிக்கும். ஓட்டுநர் அறையின் உயரத்திலிருந்து தரையில் குதிப்பதும் அவ்வாறே.

பிற காரணிகள்

போதிய உறக்கமின்மை, புகைபிடித்தல், உடற்பருமன், மனவழுத்தம் ஆகியன கீழ்முதுகு வலியுடன் தொடர்புடையவை. குறித்த நேரத்தில் சரக்கைச் சேர்க்க வேண்டும் என்னும் நெருக்கடி இவை அனைத்தையும் மிகுவிக்கிறது.

ஆய்வு வரலாறு

பிதுங்கிய இடைவட்டு நரம்பு வேரை அழுத்துவதே பலரின் கால் வலிக்குக் காரணம் என்பதை 1934 இல் அமெரிக்க மருத்துவர்கள் மிக்சரும் பாரும் விளக்கினர். 1975 இல் ஜெனிபர் கெல்சியும் உடன் ஆய்வாளரும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், பணிநேரத்தில் பாதிக்கு மேல் வண்டி ஓட்டும் ஆண்களுக்குக் கடும் இடைவட்டுப் பிதுக்கம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு எனக் காணப்பட்டது. சரக்குந்து ஓட்டுநர்களுக்கு இது ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது.

2002 இல் பின்லாந்து நாட்டு ஒருகரு இரட்டையர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு வேறொரு கோணத்தைக் காட்டியது. இரட்டையருள் ஒருவர் தொழில்முறை ஓட்டுநராகவும், மற்றவர் அவ்வாறு அல்லாதவராகவும் இருந்த இணைகளில், இடைவட்டுகளின் தேய்மானத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஓட்டுநர்களுக்கு வலி மிகுதி என்பதை இது மறுக்கவில்லை. ஆனால் வண்டி ஓட்டுவதாலேயே முதுகெலும்பு தேய்ந்து அழிந்துவிடும் என்னும் அச்சத்திற்கு ஆதாரம் இல்லை என்பதை இது உணர்த்துகிறது. ஓட்டுநரின் வலியில் பெரும்பகுதி தசைக்களைப்பு, அசைவின்மை ஆகியவற்றோடு தொடர்புடையதாயின், அது மாற்றக்கூடியதே ஆகும்.

நீலகிரி மலைப்பாதைகள்

கிளென்மார்கன் நீலகிரி மாவட்டத்தில் உதகமண்டலத்திலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ள ஒரு சிற்றூர். தேயிலைத் தோட்டத்திற்கும், பைக்காரா நீர்மின் திட்டத்தைச் சார்ந்த நீர்த்தேக்கத்திற்கும் இவ்வூர் அறியப்பட்டது. இங்கிருந்து சிங்காரா மின்நிலையத்திற்குச் செல்ல மின்வாரியத்தின் இழுவைப் பாதை அமைக்கப்பட்டது. எனினும் தோட்டப் பகுதிகளின் சரக்குகள் சாலை வழியாகவே செல்ல வேண்டும்.

இத்தகைய ஊரிலிருந்து சமவெளிக்குச் செல்லும் சரக்குந்து முதலில் தோட்டத்தின் குறுகிய கிளைச்சாலையையும், பின்னர் உதகமண்டலம், குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வரையிலான மலைப்பாதையையும் கடக்கிறது. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும், மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவுக்குள் வண்டி 1,900 மீட்டர் இறங்குகிறது. குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்திற்கும் இடையே 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. உதகமண்டலத்திலிருந்து மசினகுடிக்குச் செல்லும் கல்லட்டிப் பாதையில் இத்தகைய வளைவுகள் 36 ஆகும். தேயிலை, காரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு ஆகியன கீழே செல்வதும், அரிசி, சிமெண்ட், உரம், எரிவாயு உருளை ஆகியன மேலே வருவதும் இச்சாலைகளின் வழக்கமான போக்குவரத்தாகும்.

மலைப்பாதை ஓட்டுநரின் முதுகிற்குச் சமவெளிச் சாலையில் இல்லாத சில சுமைகளைத் தருகிறது.

* ஒவ்வொரு வளைவிலும் கியர் மாற்ற இடது கால் கிளட்ச்சை மீண்டும் மீண்டும் அழுத்துகிறது. இருக்கை பின்தள்ளி இருந்தால் ஒவ்வொரு முறையும் இடுப்பு ஒருபுறமாக முன்னே நகர்கிறது.
* எதிர்வரும் வண்டியைக் காண ஓட்டுநர் முன்னே குனிந்து, கழுத்தை நீட்டி அமர்கிறார். இதனால் சாய்மானத்தின் ஆதரவு இழக்கப்படுகிறது.
* வளைவுகளில் உடல் பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்க இடுப்புத் தசைகள் தொடர்ந்து இறுகுகின்றன.
* இறக்கத்தில் உடல் முன்னோக்கிச் சரிவதை ஓட்டுநர் கால்களாலும் கைகளாலும் தாங்கிக்கொள்கிறார்.
* குறுகிய சாலையில் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்க இயலாது.

கூடலூர் வழியாகக் கருநாடகத்திற்குச் செல்லும் பாதையில், பந்திப்பூர் காட்டுப்பகுதியில் 2009 முதல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை உள்ளது. தடை தொடங்குமுன் காட்டைக் கடந்துவிட வேண்டும் என்னும் அவசரத்தில் ஓட்டுநர்கள் இடைவேளையைத் தவிர்க்கக்கூடும். மாறாக, காத்திருக்க நேரும் ஒன்பது மணி நேரத்தை இருக்கையில் சாய்ந்தபடி கழிக்காமல், கால்நீட்டிப் படுத்து உறங்கப் பயன்படுத்துவது முதுகிற்கும் விழிப்புக்கும் நல்லது. சமவெளியிலிருந்து மைசூர் செல்லும் மற்றொரு வழியான திம்பம் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கும் 2022 பெப்ரவரியில் இரவு நேரப் போக்குவரத்துக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது.

அதிர்வின் அளவும் நேரமும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 ஆம் ஆண்டு ஆணை, எட்டு மணி நேரப் பணிநாளுக்கு முழு உடல் அதிர்வின் நடவடிக்கை அளவை 0.5 மீ/நொடி² என்றும், உச்ச வரம்பை 1.15 மீ/நொடி² என்றும் வரையறுத்தது. நடவடிக்கை அளவைத் தாண்டினால் அதிர்வைக் குறைக்க முதலாளி வழி காண வேண்டும். உச்ச வரம்பைத் தாண்டிப் பணிசெய்ய விடுதல் கூடாது.

அதிர்வின் தாக்கம் முடுக்கத்தின் இருமடியையும் நேரத்தையும் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. எனவே இருக்கையில் உணரப்படும் அதிர்வு பாதியானால், அதே தாக்கத்தை அடைய நான்கு மடங்கு நேரம் ஆகும். கீழுள்ளவை இக்கணக்கை விளக்கும் எடுத்துக்காட்டுகள்.

* அதிர்வு 0.5 மீ/நொடி² எனில், நடவடிக்கை அளவை எட்ட 8 மணி நேரம் ஆகும்.
* அதிர்வு 0.7 மீ/நொடி² எனில், ஏறத்தாழ 4 மணி நேரத்தில் நடவடிக்கை அளவு எட்டப்படும்.
* அதிர்வு 1.0 மீ/நொடி² எனில், 2 மணி நேரத்தில் நடவடிக்கை அளவும், ஏறத்தாழ பத்தரை மணி நேரத்தில் உச்ச வரம்பும் எட்டப்படும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. நல்ல இருக்கை, சீரான சாலை, மிதமான வேகம் ஆகியவற்றால் அதிர்வைச் சிறிதளவு குறைத்தாலும் பயன் பெரிது. அதே வேளையில், இவற்றுள் சாலையும் இருக்கையும் ஓட்டுநரின் கையில் இல்லை.

தடுப்பு முறைகள்

இருக்கையைச் சரிசெய்தல்

* இடுப்பைச் சாய்மானத்தின் அடிவரை நகர்த்தி அமர வேண்டும்.
* கிளட்ச்சை முழுவதும் அழுத்தும்போதும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி இருக்கையை முன்னே நகர்த்த வேண்டும்.
* சாய்மானம் ஏறத்தாழ 100 முதல் 110 பாகை வரை சாய்ந்திருத்தல் நன்று. 90 பாகையில் நிமிர்ந்து அமர்வது தேவையற்றது.
* கீழ்முதுகின் வளைவில் சிறிய ஆதரவு வேண்டும். அதற்கென அமைப்பு இல்லாத இருக்கையில், சுருட்டிய துண்டை அரைக்கச்சை அணியும் இடத்திற்குச் சற்று மேலே வைக்கலாம். அது முதுகை முன்னே தள்ளும் அளவிற்குத் தடிமனாக இருத்தல் கூடாது.
* தொங்கல் இருக்கையாயின் ஓட்டுநரின் எடைக்கேற்ப அதன் விறைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் பள்ளங்களில் இருக்கை அடிவரை இறங்கி இடிக்கும்.
* பின்பையில் பணப்பையையோ வண்டி ஆவணங்களையோ வைத்து அதன் மீது அமர்தல் கூடாது. இது இடுப்பை ஒருபுறம் உயர்த்துவதுடன் பிட்டத்தின் வழியே செல்லும் நரம்பையும் அழுத்தும்.
* ஒரே வண்டியை இருவர் மாறி மாறி ஓட்டினால், ஒவ்வொரு முறையும் இருக்கையையும் கண்ணாடிகளையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும்.

இடைவேளை

இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, ஐந்து முதல் பத்து நிமிடங்கள் நடப்பது நன்று. சக்கரங்களின் காற்றையும் கயிற்றின் இறுக்கத்தையும் சுற்றிவந்து பார்ப்பதே ஒரு நடையாகிவிடும். மலைப்பாதையில் ஏறத் தொடங்குமுன்னும், இறங்கி முடித்தபின்னும் நிறுத்துவதைப் பழக்கமாக்கலாம். இடையில் நிறுத்த நேர்ந்தால், பர்லியாறு போன்று கடைகளும் ஓரங்கட்ட இடமும் உள்ள ஊர்களைத் தேர்ந்து, கைப்பிரேக் போட்டு, சக்கரத்திற்குக் கட்டை வைத்தபின் இறங்க வேண்டும்.

சிறுநீர் கழிக்க நிறுத்த வேண்டியிருக்கும் என எண்ணித் தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவது சிலரின் வழக்கம். அந்த நிறுத்தமே முதுகிற்குத் தேவையான இடைவேளை என்பதை உணர்ந்தால் இவ்வழக்கம் மாறும்.

ஏறுதல், இறங்குதல், தூக்குதல்

* ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டியை நோக்கியபடி, இரு கைகளும் ஒரு காலும் அல்லது இரு கால்களும் ஒரு கையும் எப்போதும் பிடிமானத்தில் இருக்க வேண்டும். குதித்தல் கூடாது.
* வண்டியை நிறுத்தியவுடன் மூட்டையைத் தூக்கவோ சக்கரத்தைக் கழற்றவோ முனையாமல் சில நிமிடங்கள் நடந்தபின் தொடங்க வேண்டும்.
* சுமையை உடலோடு அணைத்து, முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். திரும்ப நேர்ந்தால் இடுப்பை முறுக்காமல் பாதங்களை நகர்த்தித் திரும்ப வேண்டும்.
* தார்ப்பாய்க் கயிற்றை இழுக்கும்போது ஒரு காலை முன்வைத்து உடல் எடையால் இழுக்க வேண்டும்.
* உறங்கி எழுந்த தொடக்க நேரத்தில் இடைவட்டு நீரேற்றுப் பருத்திருக்கும். அந்நேரத்தில் ஆழக் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு வலி குறைந்ததாக 1998 இல் அமெரிக்காவில் ஸ்டோவர் சுனூக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. வண்டியிலேயே உறங்கி விடியலில் கயிறு அவிழ்க்கும் ஓட்டுநர்களுக்கு இது பொருந்தும்.

வண்டியும் உரிமையாளரும்

அறுந்த அல்லது துருப்பிடித்து ஒட்டிய வில் தகடுகள், பழுதான அதிர்வுறிஞ்சிகள், தேய்ந்த இரப்பர்த் தாங்கிகள், அளவுக்கு மிஞ்சிய காற்றழுத்தம் ஆகியன குலுக்கலைக் கூட்டும். இவற்றைச் சீராக்குவது வண்டியின் ஆயுளையும் நீட்டிக்கும்.

தமிழ்நாட்டில் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் சரக்குந்துத் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. அடிச்சட்டத்தை மட்டும் வாங்கிப் பட்டறையில் கூண்டு கட்டும் முறையில், ஓட்டுநரின் இருக்கை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை உரிமையாளரே முடிவு செய்கிறார். பலகை மீது பஞ்சு வைத்த இருக்கைக்கும், முன்பின் நகரும் தொங்கல் இருக்கைக்கும் உள்ள விலை வேறுபாடு வண்டியின் மொத்த விலையில் மிகச் சிறிய பங்கே ஆகும். 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரகச் சரக்குந்துகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிரூட்டும் வசதி இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது. வெப்பக் களைப்பைக் குறைக்கும் இவ்விதி முந்தைய வண்டிகளுக்குப் பொருந்தாது.

வலி தணிக்கும் முறைகள்

இப்பகுதி பொதுவான தகவலே ஆகும். மருத்துவரின் அறிவுரைக்கு இது மாற்றாகாது.

திடீர் வலி

ஆறு வாரங்களுக்குள் அடங்கும் வலி திடீர் வலி எனவும், பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் நீடிப்பது நாட்பட்ட வலி எனவும் வகைப்படுத்தப்படுகின்றன. திடீர் வலியுற்றோரில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குறிப்பிடத்தக்க தணிவு ஏற்படும்.

முன்பு பல நாட்கள் படுக்கையில் ஓய்வெடுக்க அறிவுறுத்தப்பட்டது. இன்று இது பரிந்துரைக்கப்படுவதில்லை. இயன்ற அளவு நடமாடுவோரே விரைவில் தேறுகின்றனர். வலி கடுமையாக உள்ள முதல் ஓரிரு நாட்களில் முழங்காலுக்குக் கீழ் தலையணை வைத்து மல்லாந்தோ, முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்து ஒருக்களித்தோ சிறிது நேரம் படுக்கலாம். வெந்நீர் ஒத்தடம் தசை இறுக்கத்தைத் தளர்த்தும். கிளட்ச்சையோ பிரேக்கையோ முழு வலிமையுடன் அழுத்த முடியாத நிலையில் வண்டி ஓட்டுதல் கூடாது.

மருந்துகள்

ஐபுபுரொஃபேன், டைகுளோஃபினாக் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்துகள் குறுகிய காலத்திற்குப் பயன்படலாம். இவை இரைப்பைப் புண், சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்த உயர்வு ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். வெறும் வயிற்றில், நாள்தோறும், மருத்துவரைக் காணாமல் உட்கொள்வது கேடாகும். பாரசிட்டமால் திடீர் கீழ்முதுகு வலி நீங்கும் காலத்தைக் குறைப்பதில்லை என 2014 இல் ஆத்திரேலியாவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது.

ஓட்டுநர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடைகளில் முதுகுவலிக்கெனக் கேட்டு வாங்கும் சில கூட்டு மாத்திரைகளில் வலி நீக்கியுடன் தசைத் தளர்த்தி மருந்தும் சேர்ந்திருக்கும். தசைத் தளர்த்திகளும், திராமடால் போன்ற அபினி வகை மருந்துகளும் தூக்கத்தையும் தலைச்சுற்றலையும் தரவல்லவை. இவற்றை உட்கொண்டு வண்டி ஓட்டுவது, குறிப்பாக மலைப்பாதையில், உயிருக்கே ஊறு விளைவிக்கும். மருத்துவரிடம் செல்லும்போது தாம் ஓட்டுநர் என்பதை முதலில் கூற வேண்டும்.

நாட்பட்ட வலி

2023 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டி, நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு உடற்பயிற்சி, நோய் பற்றிய முறையான விளக்கம், உளவியல் ஆதரவு, கைம்முறை இயன்மருத்துவம் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. இடுப்புக் கச்சை, இழுவைச் சிகிச்சை, அபினி வகை மருந்துகள் ஆகியவற்றை வழக்கமான மருத்துவமாகப் பரிந்துரைக்கவில்லை.

தமிழ்நாடு அரசு 2021 ஆகத்து 5 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிவரும் இயன்மருத்துவமும் அடங்கும். உதகமண்டலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்டது.

எளிய பயிற்சிகள்

வண்டியை நிறுத்தும் இடத்திலேயே செய்யத்தக்கவை:

* நின்றபடி பின்வளைதல்: இரு கைகளையும் இடுப்பின் பின்புறம் வைத்து, முழங்கால் மடங்காமல் மெதுவாகப் பின்னே வளைந்து, இரண்டு நொடிகளில் நிமிர வேண்டும். ஐந்து முதல் பத்து முறை செய்யலாம்.
* பின்தொடை நீட்டல்: வண்டியின் தாழ்ந்த படியில் ஒரு குதிகாலை வைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து சற்று முன்னே சாய வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் 20 முதல் 30 நொடிகள்.
* முன்னிடுப்பு நீட்டல்: ஒரு காலை முன்னே ஓர் எட்டு வைத்து, பின்காலின் இடுப்பை முன்னே தள்ள வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை:

* கைகளும் முழங்கால்களும் தரையில் ஊன்றிய நிலையில், வலக்கையையும் இடக்காலையும் ஒருங்கே நீட்டிச் சில நொடிகள் நிறுத்தி, பின் பக்கம் மாற்றிச் செய்தல்.
* மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இடுப்பை மட்டும் உயர்த்தி இறக்குதல்.
* நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடத்தல்.

பயிற்சியின்போது வலி காலை நோக்கிப் பரவினாலோ மரத்துப்போனாலோ உடனே நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும்.

உடனடி மருத்துவம் தேவைப்படும் அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருப்பினும் பயணத்தைத் தொடராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

* சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், சிறுநீர் வெளியேறாமல் தடைபடுதல்
* பிறப்புறுப்பு, ஆசனவாய், தொடையின் உட்புறம் ஆகியவற்றில் உணர்வின்மை
* கால் அல்லது பாதம் வலுவிழத்தல்
* விபத்து அல்லது உயரத்திலிருந்து விழுந்தபின் தோன்றும் வலி
* காய்ச்சல், காரணமற்ற எடைக் குறைவு, படுத்தாலும் தணியாத இரவு வலி
* முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாகத் தோன்றும் வலி

முதல் மூன்றும் முதுகெலும்பின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அந்நிலையில் காலந்தாழ்த்தினால் பாதிப்பு நிலைத்துவிடும்.

பரவலான தவறான கருத்துகள்

* "ஸ்கேனில் ஜவ்வு பிதுங்கியுள்ளது, இனி வண்டி ஓட்டவே முடியாது." வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்த 2015 ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் இடைவட்டுப் பிதுக்கம் காணப்பட்டது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகாது.
* "இடுப்பில் பெல்ட் கட்டினால் வலி வராது." இதற்குப் போதிய சான்று இல்லை.
* "வலி என்றால் அசையக் கூடாது." கடுமையான அறிகுறிகள் இல்லாதவிடத்து, அளவான அசைவே மருந்தாகும்.
* "மெத்தை தடித்தால் போதும்." தடிமனை விடத் தாங்கும் முறையே முக்கியம்.

சட்டமும் பணிநேரமும்

இந்தியாவின் 1961 ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி எனப் பணிநேரத்தை வரையறுத்தது. நெடுந்தொலைவுப் பயணங்களுக்கு ஒப்புதலுடன் நாளொன்றுக்கு 10 மணி, வாரத்திற்கு 54 மணி வரை அனுமதித்தது. ஐந்து மணி நேரத்திற்கு மேற்படாமல் அரை மணி நேர ஓய்வு தரவேண்டும் எனவும் விதித்தது. இச்சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் கொண்ட நிறுவனங்களுக்கு உரியது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91 ஆவது பிரிவு, இதே பணிநேரத்தைப் போக்குவரத்து வாகன ஓட்டுநர்களுக்கும் விரித்தது. 1961 ஆம் ஆண்டுச் சட்டம் பின்னர் 2020 ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்பில் இணைக்கப்பட்டது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது.

ஒப்புநோக்க, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 ஆம் ஆண்டு விதிப்படி நாலரை மணி நேர ஓட்டத்திற்குப் பின் 45 நிமிட இடைவேளை கட்டாயம். வண்டியில் பொருத்தப்பட்ட பதிவுக்கருவி ஓட்டிய நேரத்தைக் காட்டிக்கொடுக்கும்.

விதி எதுவாயினும், ஊதியம் நடைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து அமையும்வரை இடைவேளை எடுப்பவருக்கு இழப்பும், எடுக்காதவருக்கு ஆதாயமும் ஏற்படுவது தொடரும். இருக்கையைச் சரிசெய்வதும் இறங்கி நடப்பதும் ஓட்டுநரால் இயலும். பொருத்தமான இருக்கை, நிறுத்துமிடம், சாலைச் சீரமைப்பு, ஓய்வுக்கு இடந்தரும் பயண அட்டவணை ஆகியவற்றை உரிமையாளரும் அரசும் சரக்கை அனுப்புவோருமே தர இயலும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தால்தான் இவ்வலியைத் தடுக்க முடியும்.

இவற்றையும் பார்க்க

* முதுகெலும்பு
* இயன்மருத்துவம்
* பணிச்சூழலியல்
* ஒத்ததிர்வு
* நீலகிரி மாவட்டம்